ராணி கேட்ட பிறந்தநாள் பரிசு

துப்பறியும் கதைப் பைத்தியங்களுக்குப் பரிசு வாங்குவது லேசான வேலை இல்லை. நல்ல புத்தகம் என்று நாம் நினைப்பது எல்லாம் ஏற்கெனவே அவர்களுடைய அலமாரியில் இருக்கும். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்ட கதையை இன்னொரு பதிப்பில் கொடுத்து என்ன பிரயோஜனம்? ஷெர்லக் ஹோம்ஸ் படம் போட்ட காபி குவளை, பூதக்கண்ணாடி, தொப்பி, ஜிக்சா புதிர் என்று பரிசுக் கடைகளில் ஏகப்பட்டது கிடைக்கிறது. சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு நிஜமான ரசிகருக்கு மனசுக்குள் வேண்டியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை யாருமே படிக்காத ஒரு புதுக் கதை.

1947ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு ரசிகை இதை வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். அவருக்கு அப்போது வயது 80. பெயர் ராணி மேரி. ஐந்தாம் ஜார்ஜின் மனைவி, அன்றைய மன்னர் ஆறாம் ஜார்ஜின் தாய், பின்னாளில் எலிசபெத் ராணியான பேத்தியின் பாட்டி. மெரினா எதிரில் இருக்கும் குயின் மேரீஸ் காலேஜின் பெயரில் இருக்கிறாரே, அதே மேரிதான். 1911 டெல்லி தர்பாருக்கு கணவருடன் வந்தவர்.

மே 26 அவர் பிறந்தநாள். அதையொட்டி ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்யலாம், என்ன வேண்டும் என்று பிபிசி வானொலி அவரிடம் கேட்டது. சிம்பொனி கேட்டிருக்கலாம், ஷேக்ஸ்பியர் கேட்டிருக்கலாம். ராணி கேட்டது அகதா கிறிஸ்டியின் ஒரு நாடகம். அதாவது, பிறந்தநாளுக்கு ஒரு கொலை.

அந்தப் பரிசு அதற்குப் பிறகு எங்கெங்கே போனது, யார் யார் கைக்கு மாறியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உலகத்திலேயே அதிக காலம் ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் அதிலிருந்துதான் வந்தது. அதைத் தோண்டிக்கொண்டு போனால் அடியில் ஒரு சிறுவனின் மரணம் இருக்கிறது. இது கற்பனை மரணம் இல்லை.

அவர்களுடைய தீபாவளி மலர்

முதலில் கொஞ்சம் பின்னணி. பண்டிகைக்குக் கொலைக்கதை என்பது நமக்கு விசித்திரமாகத் தெரியலாம். இங்கிலாந்தில் அது பழைய பழக்கம். நம்ம ஊர்ப் பத்திரிகைகள் தீபாவளி மலர் போடுவது மாதிரி அங்கே கிறிஸ்துமஸ் மலர்கள் வரும். ஷெர்லக் ஹோம்ஸ் இந்த உலகத்துக்கு வந்ததே அப்படி ஒரு மலரில்தான். 1887ல் வந்த 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆண்டு மலர்', விலை ஒரு ஷில்லிங். அதில் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதைக்கு ஆர்தர் கோனன் டாயில் வாங்கிய மொத்தப் பணம் 25 பவுண்டு. முழு உரிமையும் அதோடு போச்சு. இன்றைக்கு அந்த மலரின் அசல் பிரதிகள் சில டஜன்தான் மிஞ்சியிருக்கின்றன. ஹோம்ஸ் ரசிகருக்குத் தரக்கூடிய பரிசுகளில் அதைவிட அபூர்வமானதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அகதா கிறிஸ்டி காலத்தில் இது ஒரு வியாபார உத்தியாகவே ஆகிவிட்டது. அவருடைய பதிப்பாளர்களான காலின்ஸ் நிறுவனம் 'கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி' என்று விளம்பரம் செய்து வருஷக் கடைசியில் புத்தகத்தை இறக்கும். அப்பாவுக்கு என்ன வாங்குவது, அத்தைக்கு என்ன வாங்குவது என்று தவிக்கிற கூட்டத்துக்குச் சுலபமான விடை.

கிறிஸ்டிக்கும் இந்தப் பரிசு விஷயத்தில் ஒரு தனி ருசி இருந்தது. அவருடைய அக்கா கணவர் ஜேம்ஸ், 'உன் கொலைகள் எல்லாம் ரொம்ப நாசூக்காகிவிட்டன, ரத்தமே இல்லை' என்கிற மாதிரி குறைப்பட்டிருக்கிறார். கிறிஸ்டி அவருக்காகவே ரத்தம் சிந்துகிற ஒரு கொலையை எழுதி, சமர்ப்பணத்தில் காரணத்தையும் போட்டு, 1938 டிசம்பரில் வெளியிட்டார். அதுதான் 'ஹெர்க்யூல் புவாரோவின் கிறிஸ்துமஸ்'. மச்சினி தந்த பரிசு!

போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இரண்டு நாவல்களை எழுதிப் பூட்டி வைத்தார். புவாரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' மகள் ரோசலிண்டுக்கு. மிஸ் மார்ப்பிளின் 'ஸ்லீப்பிங் மர்டர்' கணவர் மேக்ஸ் மல்லோவனுக்கு. சும்மா வாய்வார்த்தையாக இல்லை, முறைப்படி உரிமையையே எழுதிக் கொடுத்தார். அவை வெளிவந்தது 1975லும் 1976லும். நம்ம ஊரில் பாட்டிகள் பேத்திக்கு என்று நகையை எடுத்து வைப்பதில்லையா, இவர் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்தார்.

ஆக, பிபிசி வந்து கேட்டபோது கிறிஸ்டிக்கு இது புதிய வேலை இல்லை. அரை மணி நேரம் ஓடும் ஒரு வானொலி நாடகம் எழுதிக் கொடுத்தார். பெயர் 'த்ரீ பிளைண்ட் மைஸ்', மூன்று குருட்டு எலிகள். இங்கிலாந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதல் வரி அது. 1947 மே 30 அன்று ஒலிபரப்பானது. சம்பளம் 100 கினி, அதாவது 105 பவுண்டு. அதைக் கிறிஸ்டி தானே வைத்துக்கொள்ளவில்லை. சவுத்போர்ட் என்ற ஊரில் இருந்த மருத்துவமனையின் குழந்தைகளுக்கான பொம்மை நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

பொம்மை நிதி என்கிற விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணை வீடு

நாடகத்தின் முடிவை நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லக் கூடாது என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் வருகிறேன். ஆரம்பத்திலேயே மேடையில் சொல்லப்படுகிற பின்கதையைச் சொன்னால் தப்பில்லை. பனியில் மாட்டிக்கொண்ட ஒரு விருந்தினர் விடுதி. லண்டனில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டிருக்கிறாள். அந்தக் கொலைக்கும் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பண்ணையில் நடந்த கொடுமைக்கும் தொடர்பு இருக்கிறது. மூன்று அநாதரவான குழந்தைகளை அரசாங்கம் அந்தப் பண்ணைக்கு வளர்க்க அனுப்புகிறது. அதில் ஒரு குழந்தை கொடுமையால் செத்துப்போகிறது.

இதைப் படிக்கும்போது நமக்கு 'சரி, கதைக்கு ஒரு முன்கதை' என்று தோன்றும். 1947ல் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. இரண்டே வருஷத்துக்கு முன்னால் இதை அவர்கள் செய்தித்தாளில் படித்திருந்தார்கள்.

அந்தச் சிறுவனின் பெயர் டென்னிஸ் ஓ'நீல். தென்வேல்ஸில் இருக்கும் நியூபோர்ட் ஊர்க்காரன். வீட்டில் சரியான கவனிப்பு இல்லை என்று நீதிமன்றம் அவனையும் தம்பிகளையும் நியூபோர்ட் நகராட்சியின் பொறுப்பில் ஒப்படைத்தது. நகராட்சி பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, அதற்கு வாரப் பணம் கொடுக்கும். 1944 கோடையில் டென்னிஸும் தம்பி டெரன்ஸும் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் மின்ஸ்டர்லிக்குப் பக்கத்தில் இருந்த 'பேங்க் ஃபார்ம்' என்ற ஒதுக்குப்புறமான பண்ணைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1945 ஜனவரி 9 அன்று டென்னிஸ் அந்தப் பண்ணையில் இறந்தான். வயது 12. நெஞ்சிலும் முதுகிலும் அடிபட்டிருந்தது. உடம்பில் சதை இல்லை. தம்பி டெரன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். அவனுக்கு அப்போது பத்து வயது. பண்ணைக்காரருக்கு 6 வருஷம் சிறை, மனைவிக்கு 6 மாதம். உலகப் போரின் கடைசிக் கட்டம் அது. பத்திரிகைகளில் காகிதத் தட்டுப்பாடு. அப்படியிருந்தும் இந்த வழக்கு முதல் பக்கத்துக்கு வந்தது.

கிறிஸ்டியின் நாடகத்துக்கு வித்து இந்த வழக்குதான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். கதையில் மூன்று குழந்தைகள், பண்ணை, அரசாங்கத்தின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளை என்று எல்லாமே பொருந்துகிறது.

யார் செய்தது, யார் செய்யவில்லை

வழக்கு முடிந்ததும் அரசாங்கம் சர் வால்டர் மாங்க்டன் என்ற வழக்கறிஞரை விசாரணைக்கு நியமித்தது. 1945 மே மாதமே அவர் அறிக்கை வந்துவிட்டது. எனக்கு இந்த இடத்தில்தான் ஆர்வம் கூடியது. மென்பொருள் வேலையில் ஒரு பெரிய சர்வர் விழுந்தால், பிரச்சினை தீர்ந்த மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து 'போஸ்ட்மார்ட்டம்' என்று ஒன்று எழுதுவோம். அதில் 'யார் தப்பு செய்தது' என்பது முதல் கேள்வி இல்லை. 'எந்தெந்த இடத்தில் இதைப் பிடித்திருக்க முடியும், ஏன் பிடிக்கவில்லை' என்பதுதான் கேள்வி. மாங்க்டன் செய்தது அதைத்தான். அடித்தது யார் என்று ஏற்கெனவே தெரியும். அவர் தேடியது, பார்க்க வேண்டியவர்கள் ஏன் பார்க்கவில்லை என்பதை.

பிள்ளைகளை அனுப்பியது நியூபோர்ட். பண்ணை இருந்தது ஷ்ராப்ஷயரில். இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவில், கண்காணிப்பது யார் பொறுப்பு என்பதில் குழப்பம். வளர்ப்புக்கு விட்ட பிள்ளைகளை இத்தனை நாளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. அது காகிதத்தில் இருந்தது. 1944 டிசம்பர் 20 அன்று நியூபோர்ட்டிலிருந்து ஒரு பெண் ஊழியர் பண்ணைக்குப் போனார். டென்னிஸைப் பார்த்ததுமே அவருக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகளை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார்.

அவர் போனது டிசம்பர் 20. டென்னிஸ் இறந்தது ஜனவரி 9. நடுவில் 20 நாள். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அதற்குள் வந்து போயின. யாரும் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை.

இந்த மரணமும் அதன் விசாரணையும், ஏற்கெனவே கிளம்பியிருந்த ஒரு கோரிக்கைக்கு வலு சேர்த்தன. மைரா கர்ட்டிஸ் என்ற பெண்மணி தலைமையில் ஒரு கமிட்டி, பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகள் நாடு முழுக்க எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1946ல் அறிக்கை கொடுத்தது. 1948ல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளூர் நிர்வாகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிக் குழு, குழந்தைகள் நலனுக்கென்று ஒரு தனி அதிகாரி. யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஆளைக் கைகாட்டலாம் என்கிற நிலைமை அப்போதுதான் வந்தது.

இப்போது வரிசையைப் பாருங்கள். 1945 மரணமும் மாங்க்டன் அறிக்கையும். 1946 கர்ட்டிஸ் அறிக்கை. 1948 சட்டம். நடுவில் 1947ல் ராணியின் பிறந்தநாள் நாடகம்.

துப்பறியும் கதைகளின் பொற்காலத்தைப் பற்றி ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. மாளிகை, நூலகம், தேநீர், நாசூக்கான விஷம் என்று எல்லாம் ஒரு பொம்மை உலகம், நிஜ வாழ்க்கையோடு ஒட்டாது என்பார்கள். 'மவுஸ்டிராப்' இன்றைக்கு அந்தப் பொம்மை உலகத்தின் அருங்காட்சியகம் மாதிரி ஆகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிற இடம். ஆனால் அது முதலில் காற்றில் வந்த இரவில் சுடச்சுட இருந்த ஒரு பொது விவகாரத்தைத் தொட்டது. நாடாளுமன்றம் இன்னும் சட்டம் போட்டு முடிக்காத விஷயம். பரிசுப் பெட்டியைத் திறந்த 80 வயது ராணிக்கு உள்ளே கிடைத்தது தேநீரும் விஷமும் மட்டும் இல்லை.

மாங்க்டன் கேட்ட கேள்வியையும் கிறிஸ்டி கேட்ட கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். மாங்க்டன், இனிமேல் ஒரு பிள்ளை இப்படிச் சாகாமல் இருக்க என்ன செய்யணும் என்று கேட்டார். கிறிஸ்டி, தப்பிப் பிழைத்த மற்ற இரண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். வளர்ந்தபிறகு அவர்கள் யார்? அந்தப் பண்ணையை உள்ளே எப்படிச் சுமக்கிறார்கள்? அறிக்கையில் கேட்க முடியாத கேள்வி அது. துப்பறியும் கதை கேட்கலாம்.

ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு நாடகம்

வானொலியில் அரை மணி நேரமாக இருந்ததைக் கிறிஸ்டி சிறுகதையாக்கினார், பிறகு முழு மேடை நாடகமாக்கினார். 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு நாடகம் வந்திருந்ததால் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. மருமகன் ஆன்டனி ஹிக்ஸ் 'மவுஸ்டிராப்' என்று யோசனை சொன்னார். எலிப்பொறி. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், நாடகத்துக்குள் வருகிற நாடகத்துக்கு ஹாம்லெட் சொல்கிற பெயர். குற்றவாளியின் மனசாட்சியைப் பிடிக்க விரித்த பொறி.

1952 அக்டோபர் 6 அன்று நாட்டிங்ஹாமில் முதல் மேடையேற்றம். நவம்பர் 25 அன்று லண்டன் அம்பாசடர்ஸ் தியேட்டர். அதற்கு முன்னாலேயே, செப்டம்பர் 21 அன்று, கிறிஸ்டியின் ஒரே பேரன் மேத்யூ பிரிச்சர்டுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். பாட்டி கொடுத்த பரிசு, அந்த நாடகத்தின் உரிமை.

இதைப் பெரும்பாலும் ஒரு வேடிக்கைச் செய்தியாகத்தான் எழுதுவார்கள். 'சைக்கிள் கிடைக்கும் என்று எதிர்பார்த்த பையனுக்கு லாட்டரி' என்கிற தொனியில். எனக்கு இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. மேத்யூவின் அப்பா ஹியூபர்ட் பிரிச்சர்ட் 1944ல் நார்மண்டிப் போரில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஒரு வயது கூட முடியவில்லை. ரோசலிண்ட் 1949ல்தான் மறுமணம் செய்துகொண்டார். பெற்றவர்களை இழந்த பிள்ளையின் கதி என்ன என்பதைப் பற்றிய ஒரு நாடகத்தை, அப்பாவை அறியாத ஒரு பேரனுக்குப் பாட்டி எழுதி வைக்கிறார். மேத்யூவுக்கு அம்மா இருந்தார், பாட்டி இருந்தார், நல்ல மாற்றாந்தந்தை கிடைத்தார். டென்னிஸுக்கு நகராட்சிதான் இருந்தது.

பாட்டிக்கே அந்தப் பரிசின் மதிப்பு தெரியாது. நாடகம் எட்டு மாதம் ஓடும் என்பது கிறிஸ்டியின் கணக்கு. தயாரிப்பாளர் பீட்டர் சாண்டர்ஸ், இல்லை, பதினாலு மாதம் ஓடும் என்றார். தன் சுயசரிதையில் கிறிஸ்டியே இதை எழுதியிருக்கிறார். நடந்தது என்ன? 1974 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அம்பாசடர்ஸில் முடித்து, திங்கட்கிழமை பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரில் தொடர்ந்தார்கள், ஒரு காட்சி கூட விடாமல். 2012 நவம்பர் 18 அன்று 25,000ஆவது காட்சி. கொரோனா வந்து 2020 மார்ச் 16 அன்று நிறுத்தியது. 2021 மே 17 அன்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

லண்டனின் முதல் குழுவில் நடித்தவர்கள் ரிச்சர்ட் அட்டன்பரோவும் அவர் மனைவி ஷீலா சிம்மும். அட்டன்பரோ என்றால் நமக்குத் தெரிந்தவர்தான், 1982ல் வந்த 'காந்தி' படத்தின் இயக்குநர். நாடகத்தில் சேரும்போது சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். அது வாழ்க்கையில் எடுத்த புத்திசாலித்தனமான வியாபார முடிவு என்று அவரே பின்னாளில் எழுதினார். அந்தப் பங்கில் ஒரு பகுதியை ஒரு ஹோட்டல் தொடங்க விற்றார். மிச்சத்தை 'காந்தி' படம் பணமில்லாமல் திண்டாடியபோது விற்றார். இந்தியாவின் பேரரசியாக இருந்த ஒரு பாட்டியின் பிறந்தநாளுக்கு எழுதின நாடகத்தின் வருமானம், அந்தப் பேரரசையே கிளப்பி அனுப்பிய காந்தியைப் பற்றிய படத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் கதையில் வைத்தால் 'ஓவர்' என்போம்.

பார்வையாளர் தருகிற பரிசு

சொல்கிறேன் என்ற சம்பிரதாயம் இதுதான். நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார். நீங்களும் இப்போது குற்றத்துக்கு உடந்தை என்பது போல. எழுபது வருஷத்துக்கு மேலாக லட்சக்கணக்கான பேர் அதைக் கேட்டு நடந்திருக்கிறார்கள்.

இதற்கு ஒத்தாசையாக ஒப்பந்தங்களிலும் வேலி போட்டிருந்தார்கள். நாடகம் லண்டனில் நின்று ஆறு மாதம் ஆன பிறகுதான் படம் எடுக்கலாம். நாடகம் நிற்கவே இல்லை, அதனால் அந்தப் படமும் வரவில்லை. சிறுகதை வடிவம் அமெரிக்காவில் 1950லேயே தொகுப்பில் வந்துவிட்டது. பிரிட்டனில் மட்டும், நாடகம் ஓடுகிறவரை வெளியிடக் கூடாது என்று கிறிஸ்டி தடுத்துவிட்டார்.

இணையம் வந்த பிறகு கதை மாறியது. விக்கிப்பீடியாவில் முடிவு அப்படியே எழுதப்பட்டிருந்தது 2010ல் சர்ச்சையானது. கிறிஸ்டி குடும்பம் வருத்தப்பட்டது. தகவல் களஞ்சியத்தில் தகவல் இருக்கத்தான் செய்யும் என்பது விக்கிப்பீடியாவின் நிலை. தகவலை மறைக்கக் கூடாது என்பது என் தொழில் சொல்லித் தந்த பாடம். ஆனாலும் இதில் நான் குடும்பத்தின் பக்கம்தான். முடிவு தெரியாமல் இருப்பது என்பது ஒரு ரசிகனுக்கு இன்னொரு ரசிகன் தரக்கூடிய பரிசு. காசு செலவில்லாதது, ஒரே தடவைதான் பிரிக்க முடியும். அதைப் பிரித்துவிட்டுக் கொடுப்பது அழகில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் கொலையாளி யாரென்று எழுதவில்லை. தெரிந்துகொண்டுதான் ஆகணும் என்கிறவர்களுக்குத் தேடுபொறி இருக்கவே இருக்கிறது.

ஒரு ரகசியத்தை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றியதில் இன்னொரு விஷயமும் சேர்ந்தே மறைந்துபோனது என்று எனக்குத் தோன்றுகிறது. கொலையாளி பெயரைச் சொல்லாதே என்று எல்லோரும் கட்டிக்காத்தார்கள், சரி. ஆனால் இறந்த பையனின் பெயரைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. அதையும் யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நாடகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் டென்னிஸ் ஓ'நீல் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்தக் குறையை அவன் தம்பியே தீர்த்தார். பத்து வயதில் நீதிமன்றக் கூண்டில் ஏறிய டெரன்ஸ் ஓ'நீல், 2010ல் 'சம்வன் டு லவ் அஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். எங்களை நேசிக்க யாராவது, என்று பொருள். தப்பிப் பிழைத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கிறிஸ்டி கற்பனையில் கேட்ட கேள்விக்கு, நிஜமான பிள்ளையே 65 வருஷம் கழித்துப் பதில் எழுதிவிட்டார். அவர் யாரையும் பழிவாங்கவில்லை. அண்ணனுக்கு நடந்ததை எழுதி வைத்தார்.

கடைசியாக, பணம்

மேத்யூ பிரிச்சர்ட் வளர்ந்து, கிறிஸ்டியின் நூல்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தை நடத்தினார். 1995ல் 'கால்வின்ஸ்டன் அறக்கட்டளை' என்று ஒன்றை ஏற்படுத்தினார். அதன் வருமானம் மவுஸ்டிராப் நாடகத்தின் ராயல்டியிலிருந்து வருகிறது. இசை, ஆபரா, ஓவியம் போன்ற கலைகளுக்கு உதவுகிறது, குறிப்பாக வேல்ஸில். ஒன்பது வயதில் கிடைத்த பரிசை அவர் இன்னொரு கைக்கு மாற்றிவிட்டார்.

கால்வின்ஸ்டன் என்பது தென்வேல்ஸில் ஒரு சின்ன கிராமம். பிரிச்சர்ட் குடும்பத்தின் ஊர். அங்கிருந்து கார்டிஃப் வழியாகக் கிழக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் நியூபோர்ட் வந்துவிடும். டென்னிஸ் ஓ'நீலின் ஊர்.

இதில் ஏதோ தெய்வ நியாயம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாடகத்தின் ராயல்டி எதையும் ஈடுகட்டாது. கணக்கை மட்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். ராணிக்குப் பிறந்தநாள் பரிசு கிடைத்தது. மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் பொம்மை கிடைத்தது. பேரனுக்கு ஆயுசுக்கும் வருமானம் கிடைத்தது. ஒரு நடிகருக்குப் படம் எடுக்கப் பணம் கிடைத்தது. வேல்ஸில் கலைஞர்களுக்கு உதவி கிடைக்கிறது. எழுபது வருஷமாக ரசிகர்களுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒரு துப்பறியும் கதைப் பைத்தியம் இருந்து, லண்டன் போகிற வாய்ப்பும் கிடைத்தால் மவுஸ்டிராப் டிக்கெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். பார்த்துவிட்டு வந்த பிறகு, டெரன்ஸ் எழுதிய புத்தகத்தையும் கையில் கொடுங்கள்.